எல்லைக்கு அப்பால் எடுத்துச் செல்பவை

அமெரிக்காவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு மெக்சிகோவுக்குள் வெகுதூரம் போக நினைப்பவர் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே ஆயத்தத்தில் இறங்கிவிடுகிறார். மெக்சிகோவில் செல்லுபடியாகும் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். எல்லைப் பகுதியைத் தாண்டி உள்ளே போவதென்றால் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கி, டெபாசிட் கட்ட வேண்டும். எந்த ஊரில் டேங்கை நிரப்பினால் அடுத்த பங்க் வரை தாங்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் போய்ச் சேரும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலைப் பார்த்ததும், பணக்கார நாட்டுக்காரருக்கு அடுத்த வீட்டு ஏழை நாட்டின்மேல் உள்ள பயம்தான் இப்படி நீண்டு கிடக்கிறது என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எப்போது, எதனால் வந்து சேர்ந்தது என்று தேடிப்போனால் பயத்தைவிட உறுதியான காரணங்கள் கிடைக்கின்றன. மெக்சிகோ தன் எண்ணெயையும் கார்த் தொழிலையும் சுங்க வருமானத்தையும் தொலைதூர நிலங்களையும் எப்படிக் கையாண்டது என்பதன் பதிவுதான் இந்தப் பட்டியல் என்பது என் வாதம். பயணிகள் எதையெல்லாம் சுமந்து போனார்கள் என்று பார்த்தால், மெக்சிகோ அரசு எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பது தெரியும். இதற்கு முதன்மைச் சாட்சியாக நான் நிறுத்துவது பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தை. அதற்கு முன் நாட்டின் மையப்பகுதிக்குப் போன சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1880கள் வரை எல்லையிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குப் போவது குதிரை வண்டிப் பயணம். 1884இல் எல் பாசோவிலிருந்தும் 1888இல் லாரேடோவிலிருந்தும் ரயில் பாதைகள் தலைநகரைத் தொட்டன. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு வெளிநாட்டுப் பயணி என்றால் ரயில் பயணிதான். மெக்சிகோப் புரட்சி ஓய்ந்த பின், 1925இல், புளுட்டார்கோ எலியாஸ் காயேஸ் அரசு தேசியச் சாலை ஆணையத்தை அமைத்து, அதற்கான பணத்துக்கு பெட்ரோல்மீது வரி போட்டது. 1936 ஜூலையில் நுவேவோ லாரேடோவிலிருந்து மான்டெர்ரே, சியுதாத் விக்டோரியா, தமசுன்சாலே வழியாக மெக்சிகோ நகரம் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. தமசுன்சாலேவைத் தாண்டியதும் இந்தச் சாலை வெப்பமண்டலச் சமவெளியை விட்டுக் கிழக்கு சியெரா மாத்ரே மலைகளில் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளும் பகலிலேயே இறங்கும் மூடுபனியும் கொண்ட ஏற்றம் அது. அன்றைய கார்களின் ரேடியேட்டர் கொதிப்பதும், இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடி விடுவதும் நடக்கக்கூடியவையே. ஆகவே மலையைப் பகலில் கடப்பது, முந்தின இரவை அடிவாரத்தில் கழிப்பது என்ற வழக்கம் தானாக உருவானது. மோட்டார் பயணி தன் நாளை வகுத்துக்கொள்ளும் முறை அந்த மலை சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்தச் சாலையே அமெரிக்கச் சுற்றுலாக்காரருக்காகப் போடப்பட்டதுதானே, பிறகு அதில் மெக்சிகோவின் சொந்த வரலாறு எங்கே என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. டாலரோடு வரும் பயணிகளை மெக்சிகோ அரசு வெளிப்படையாகவே எதிர்பார்த்தது. பான்-அமெரிக்க நெடுஞ்சாலை என்ற கனவை அதிகம் வளர்த்ததும் வாஷிங்டன்தான். ஆனால் மத்திய அமெரிக்க நாடுகள் தங்கள் பகுதிச் சாலைக்கு அமெரிக்கப் பணத்தைப் பெற்றுக்கொண்டபோது, மெக்சிகோ தன் பகுதியைத் தன் பணத்திலேயே போட்டது. புரட்சியில் பத்தாண்டுகள் வட்டாரப் படைத்தலைவர்களிடம் சிதறிக் கிடந்த நாட்டைத் தலைநகரோடு கட்டிப்போட வேண்டிய அவசரம் அதற்கு இருந்தது. 1950இல் சியுதாத் ஹுவாரெஸிலிருந்து குவாத்தமாலா எல்லை வரையிலான தடம் முடிந்ததும், அதை உலகுக்குக் காட்ட மே 5ஆம் தேதி கரேரா பனமெரிக்கானா என்ற கார்ப் பந்தயத்தை மெக்சிகோ தொடங்கியது. தேதியைக் கவனிக்க வேண்டும். 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள் அது. சுற்றுலாவை மட்டும் நினைத்துப் போட்ட சாலைக்கு இந்தத் தேதி தேவைப்பட்டிருக்காது.

1936இன் சாலை திறந்து இரண்டாண்டு ஆவதற்குள், பயணிகளின் கணக்கை நீண்ட காலத்துக்கு மாற்றிய முடிவொன்று வந்தது. 1938 மார்ச் 18 அன்று குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கினார். ஜூனில் பெமெக்ஸ் பிறந்தது. அதன்பிறகு 2016 வரை மெக்சிகோவில் பெமெக்ஸ் பெயரில்லாத பங்க் கிடையாது. விலை நாடு முழுக்க அரசு வைத்ததுதான். பெட்ரோலின் தரமும் பங்க் எங்கே வரும் என்பதும் ஒரே அமைப்பின் வசதியையும் முன்னுரிமையையும் பொறுத்தன. ஆள் நடமாட்டம் குறைந்த தடத்தில் போட்டிக்குப் பங்க் திறக்க இன்னொரு நிறுவனம் இல்லை. நாட்டுடைமையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தன் மண்ணின் எண்ணெயில் தனக்கு உரிமை இருக்க வேண்டும் என்று நினைத்த மக்கள் இழப்பீட்டுத் தொகைக்காகத் தங்கள் நகைகளையும் கோழிகளையும் கொண்டுவந்து கொடுத்தது மெக்சிகோ பெருமையோடு நினைவுகூரும் காட்சி. அந்தப் பெரிய முடிவின் ஒரு சிறிய விளைவு, எல்லை தாண்டும் ஒவ்வொரு கார்க்காரரின் டிக்கியிலும் ஏறிய பெட்ரோல் கேன்.

பாஹாவில் இந்தக் கேனுக்கு முன்னோடி தண்ணீர்த் தோல்பை. தீபகற்பம் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறுகள் அங்கே அனேகமாக இல்லை. 1697இல் ஹுவான் மரியா சால்வதியெரா என்ற யேசு சபைத் துறவி லொரேட்டோவில் முதல் நிலையான மிஷனை நிறுவினார். அடுத்த எழுபதாண்டுகளில் எழுந்த மிஷன்களின் வரிசையைப் பார்த்தால் அது ஊற்றுகளின் வரிசைதான். 1728இல் வந்த சான் இக்னாசியோ, பாலைவனத்தின் நடுவே நீர் தேங்கிய ஒரு பள்ளத்தாக்கு. துறவிகள் அங்கே நட்ட பேரீச்ச மரங்களின் வழிவந்த தோப்பு இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. மிஷன்களை இணைத்த கோவேறு கழுதைத் தடம் ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குப் போனது. இடையில் இருப்பது எவ்வளவு தூரம் என்பதைவிட எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்பதே அங்கே கணக்கு. யேசு சபையினர் 1768இல் வெளியேற்றப்பட்டதும் பிரான்சிஸ்கன் சபையினர் வந்தார்கள். 1769இல் ஹுனிபெரோ செர்ரா லொரேட்டோவிலிருந்து வடக்கே சான் டியேகோ வரை தரைவழியாகப் போனபோது, அந்தப் பெரும்பயணத்துக்கான தானியமும் கால்நடையும் பாஹா மிஷன்களின் களஞ்சியங்களிலிருந்து எடுக்கப்பட்டன. ஏற்கெனவே வறண்டிருந்த தெற்கு, வடக்கைத் தொடங்கிவைக்க இன்னும் வறண்டது. அந்தத் துறவிகள் கொண்டுவந்த நோய்களால் உள்ளூர் மக்களில் பெரும்பகுதியினர் மடிந்து, பாதையோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பிற்காலப் பயணிகள் ‘ஆளில்லாப் பாலை’ என்று வியந்த நிலம் எப்போதும் ஆளில்லாமல் இருந்ததில்லை.

அமெரிக்க-மெக்சிகோ போரை முடித்த 1848 உடன்படிக்கை கலிபோர்னியாவை இரண்டாக வெட்டியது. மேல்பாதி அமெரிக்காவுக்குப் போயிற்று. மெக்சிகோவிடம் நின்ற கீழ்பாதியை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கக் கலிபோர்னிய வளைகுடாவைச் சுற்றி வரவேண்டும், அல்லது கப்பல் ஏறவேண்டும். மெக்சிகாலியைச் சோனோரா மாநிலத்தோடு சேர்த்த ரயில் பாதை 1948இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை திஹுவானாவில் ஒரு பொருளை மெக்சிகோவின் உட்பகுதியிலிருந்து வரவழைப்பதைவிட சான் டியேகோவிலிருந்து வாங்குவது எளிது, மலிவு. இந்த யதார்த்தத்தை ஒப்புக்கொண்டு, 1930களில் எல்லையோர ஊர்களுக்குச் சுங்க விலக்குப் பகுதி என்ற தகுதி கொடுக்கப்பட்டது. 1939இல் கார்தெனாஸ் அதைத் தீபகற்பம் முழுமைக்கும், சோனோராவின் ஒரு பகுதிக்கும் விரித்தார். நாட்டோடு இணைக்கச் சாலையும் ரயிலும் இல்லாத இடத்தில் சுங்க வரி வாங்க முடியாது என்ற எளிய காரணம்தான். அந்த ஏற்பாட்டின் பெயரும் வரிவிகிதங்களும் பிறகு பலமுறை மாறின. ஆனால் அதன் வழிவந்த ஒரு விதி இன்றும் உயிரோடிருக்கிறது: வெளிநாட்டுக் கார் பாஹாவில் எவ்வளவு தெற்கே போனாலும் தற்காலிக இறக்குமதி அனுமதி கேட்கப்படுவதில்லை. அதே கார் நுவேவோ லாரேடோவிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் ‘26ஆம் கிலோமீட்டர்’ செக்போஸ்டில் அனுமதியைக் காட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை எந்தப் பயணியின் பயமும் உண்டாக்கவில்லை. சாலை இல்லாத காலத்தில் எழுதிய சட்டம் சாலை வந்த பின்னும் நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சாலை இல்லாத காலம் பாஹாவில் 1973 வரை நீண்டது. வடக்கே என்செனாடாவைத் தாண்டிச் சற்றுத் தெற்கே வந்ததும் தார் முடிந்துவிடும். அதற்கப்பால் இருந்தவை சுரங்க லாரிகளும் பண்ணைக்காரர்களும் ஓட்டி ஓட்டி உண்டாக்கிய தடங்கள். பாறையில் ஏறும், மணலில் புதையும், மழையில் அறுந்து ஓடைப் படுகைக்கு மாறிக்கொள்ளும். தென் கலிபோர்னிய ஆட்டோமொபைல் கிளப் ஆட்களை அனுப்பி வரைபடம் போட்டது. 1956இல் பீட்டர் ஜெர்ஹார்ட், ஹோவர்ட் குலிக் இருவரும் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒவ்வொரு கிளைத்தடத்தையும் மைல் கணக்கோடு வரிசைப்படுத்தியது. தடம் எங்கே பிரிகிறது, எந்தப் பிரிவு எந்தப் பண்ணைக்குப் போகிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் அந்த நூலின் உயிர். கிளம்பும் வண்டியில் இரண்டு ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டும் சாமான், மண்வெட்டி, பல நாளுக்கான தண்ணீர், டிரம்மில் பெட்ரோல் எல்லாம் ஏற்றப்பட்டன. வழியில் வாங்கும் பெட்ரோலும் டிரம்மில் கிடப்பதுதான். அதை ரப்பர் குழாயில் வாயால் உறிஞ்சி இறக்கி, ஷாமி தோல் விரித்த புனல் வழியாக டேங்கில் ஊற்றுவார்கள். துருவும் தண்ணீரும் தோலின் மேல் நின்றுவிடும். அந்தத் தோலை மறந்தவரின் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். 1962 மார்ச்சில் டேவ் எக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் இருவரும் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களில் திஹுவானாவிலிருந்து லா பாஸுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். எக்கின்ஸுக்கு 39 மணி 54 நிமிடம் ஆயிற்று. நேரத்தை நிரூபிக்க அவர்களிடம் இருந்த ஒரே வழி, இரு ஊர்த் தந்தி அலுவலகங்களிலும் முத்திரை வாங்குவது. 1967இல் இதே தடத்தில் முதல் பெரிய பந்தயம் நடந்தபோது, முதலில் வந்த மெயர்ஸ் மேங்க்ஸ் மணல்வண்டிக்கு 27 மணி 38 நிமிடம் பிடித்தது. இன்று அந்தப் பந்தயத்தை உலகம் பாஹா 1000 என்று அறியும்.

இவையெல்லாம் வெளியாட்களின் சாகசக் கதைகள், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆயத்தமெல்லாம் தேவைப்பட்டதா என்ற கேள்வி என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. அச்சிட்ட சான்றுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வெளியாட்கள் எழுதியதுதான். ஆனால் அந்த எழுத்துகளுக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. ஜெர்ஹார்ட்-குலிக் நூலின் மைல் கணக்கில் திரும்பத் திரும்ப வருபவை பண்ணைகளின் பெயர்கள். வழிப்போக்கருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தது பண்ணைகள்தான். டிரம்மில் பெட்ரோல் வைத்திருந்ததும், உடைந்த ஸ்பிரிங் பட்டையை மரக்கட்டை வைத்துக் கட்டி அனுப்பியதும் அவையே. என்செனாடாவுக்கும் லா பாஸுக்கும் இடையே சரக்கு ஓட்டிய மெக்சிகோ லாரிக்காரர்கள்தான் அந்தத் தடங்களை ஆண்டு முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களும் தண்ணீரும் டயரும் சுமந்தார்கள், அவர்களும் ஆற்றில் வெள்ளம் வற்றும்வரை கரையில் கிடந்தார்கள். ஒரு வேறுபாடு உண்டு. லாரிக்காரர் தன் கணக்கைத் தலைக்குள் வைத்திருந்தார், வெளியூர்க்காரருக்கு அது தாளில் தேவைப்பட்டது. ஆகவே வழிகாட்டி நூல் என்பது உள்ளூர் அறிவை வெளியூர்க்காரர் படி எடுத்துக்கொண்ட ஏடு. அந்த நூல்கள் தங்கள் மூலவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

தீபகற்பத்தின் வடக்கையும் தெற்கையும் இணைப்பதற்கு முன்பே அரசு தெற்கை மெக்சிகோவின் பெருநிலத்தோடு இணைத்துவிட்டது என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. 1964இலேயே லா பாஸுக்கும் மசத்லானுக்கும் இடையே கார் ஏற்றும் கப்பல் ஓடத் தொடங்கிற்று. குடியரசுத் தலைவர் லூயிஸ் எச்செவெரியா காலத்தில்தான் நெடுக்குச் சாலை வந்தது. 1973 டிசம்பர் 1 அன்று, பாஹாவின் இரு பாதிகளையும் பிரிக்கும் 28ஆம் அட்சரேகையில், எஃகுக் கழுகுச் சின்னத்தின் அருகே அதைத் திறந்து வைத்தார்கள். திஹுவானாவிலிருந்து காபோ சான் லூக்காஸ் வரை சுமார் 1,700 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு, 1974 அக்டோபரில், தென்பாதி மாநிலத் தகுதி பெற்றது. சாலை முன்னால் வர, அரசு பின்னால் வந்தது. ஆனால் வந்த சாலை சிக்கனமானது. இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் கண்ணாடிகள் உரசாமல் போக ஓட்டுநர்கள் மூச்சைப் பிடிக்க வேண்டிய அகலம். தாரின் விளிம்பிலிருந்தே சரிவு தொடங்கும், வண்டியை ஒதுக்க இடமில்லை. ஓடைகளுக்குப் பெரும்பாலும் பாலம் கட்டவில்லை. சாலையே ஓடைக்குள் இறங்கி ஏறும் தரைப்பாலங்கள்தான். புயல் மழை வந்தால் அவை சில நிமிடங்களில் ஆறாகிவிடும். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் இருபுறமும். பகலின் சூட்டை வாங்கிவைத்த தார் இரவில் கதகதப்பாக இருப்பதால் மாடுகள் அதன்மேல் வந்து படுக்கும். முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டரைப் போட்டால் ‘வழி காலி, முந்திப் போ’ என்று பொருள், அல்லது அது உண்மையிலேயே இடப்பக்கம் திரும்பப் போகிறது. இரண்டில் எது என்று புரிந்துகொள்ள வெளிச்சம் வேண்டும். இரவில் ஓட்டாதே என்ற அறிவுரையை இன்று பலரும் கொள்ளைக்காரர்களோடு சேர்த்தே நினைக்கிறார்கள். மாடுகளும் தரைப்பாலங்களும் சாலையின் அகலமும் சேர்ந்து அந்த அறிவுரையைக் கடத்தல் கும்பல்களின் காலத்துக்கு வெகுமுன்பே எழுதிவிட்டன.

பெட்ரோலின் கதை இன்னும் நுணுக்கமானது. 1975ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் வேண்டும். பெமெக்ஸ் பெரும்பாலும் விற்றது ‘நோவா’ என்ற ஈயம் கலந்த வகையை. ஈயமற்ற ‘எக்ஸ்ட்ரா’ பெரிய நகரங்களிலும் முக்கியச் சாலைகளிலும் கிடைத்தாலும் நம்பிப் போக முடியாது. ஆகவே 1980களின் பயணி பங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த நிறப் பம்ப் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிலர் எல்லையைத் தாண்டுமுன் கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டு ஒரு வெறும் குழாயைப் பொருத்திக்கொண்டு போனார்கள். 1990இல் ‘மக்னா சின்’ வந்து, நாடு முழுக்கப் பரவியதும் இந்தக் கவலை ஓய்ந்தது. அந்த மாற்றத்தை உந்தியதும் மெக்சிகோ நகரத்தின் நச்சுக்காற்றுதான். வெளிநாட்டுப் பயணியின் வசதி அதன் உடன்விளைவு. பங்க்குகளுக்கு இடையிலான தூரமோ முழுதாகத் தீரவில்லை. பாஹாவில் எல் ரொசாரியோவைத் தாண்டினால் கெரேரோ நேக்ரோ பக்கம் வரும்வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் முறையான பங்க் இல்லாத நிலை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நடுவே கட்டவின்யாவின் பாறைக்காட்டில் உள்ளூர்க்காரர்கள் டிரம்மிலிருந்து விற்றார்கள்.

இனி காகிதங்கள். தற்காலிக கார் அனுமதி என்பது பயணியைச் சந்தேகித்துப் போட்ட விதி என்ற எண்ணம் பரவலாக உண்டு. சந்தேகம் காரின்மேல்தான். 1962இல் அதோல்ஃபோ லோபெஸ் மத்தேயோஸ் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி முழுதாகக் கட்டிய கார்களையும் என்ஜின்களையும் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. மெக்சிகோவில் விற்கும் காரின் மதிப்பில் அறுபது விழுக்காடு உள்நாட்டில் உருவாக வேண்டும் என்றும் ஆயிற்று. அனுமதிச்சீட்டு அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் இந்த ஆணைக்குப் பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. எல்லைக்கு வடக்கே மலிவாகக் கிடைக்கும் பழைய கார்கள் பயணியின் போர்வையில் நுழைந்து தங்கிவிட்டால், புதிதாக எழுப்பிய தொழிற்சாலைகளுக்கு அடி. அப்படித் தங்கிவிட்ட வண்டிகளை அங்கே ‘சாக்லேட் கார்’ என்பார்கள், லட்சக்கணக்கில் உண்டு. 1992 முதல் இந்த அனுமதியைக் கொடுக்கும் பொறுப்பு ராணுவத்தினருக்கான வங்கியான பான்ஹெர்சிட்டோவிடம் இருக்கிறது. 1999 டிசம்பரில் அரசு நானூறு முதல் எண்ணூறு டாலர் வரை டெபாசிட் கேட்கத் தொடங்கி, எதிர்ப்பு வெடித்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. 2011 ஜூனில் காரின் வயதைப் பொறுத்து இருநூறு முதல் நானூறு டாலர் என்று டெபாசிட் திரும்ப வந்து நிலைத்துவிட்டது. 2022 தொடக்கத்தில், உள்ளே தங்கிவிட்ட கார்களை 2,500 பெசோ வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் ஆணையும் வந்தது. அறுபதாண்டுக் கொள்கை எல்லையோர ஏழைக் குடும்பத்தின் தேவைக்கு முன் தோற்றதை அரசே ஒப்புக்கொண்ட ஆணை அது. காப்பீட்டு விதிக்கும் இதேபோல் வேர் உண்டு. அமெரிக்கப் பாலிசி தரும் பொறுப்பை மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை. விபத்தில் யார் தவறு என்று தீர்மானமாகும் வரை, இழப்பீட்டுக்கு உறுதி காட்டாத ஓட்டுநரைத் தடுத்து வைக்க முடியும். அந்த உறுதிதான் பாலிசி. 1948இல் டெக்சாஸின் மெக்காலனில் டான் சான்பார்ன் இந்தக் காப்பீட்டை விற்கத் தொடங்கினார். வாங்குபவருக்கு அவர் போகும் வழியின் மைல் கணக்குக் குறிப்பேட்டையும் சேர்த்தே கொடுத்தது அந்த நிறுவனத்தின் வழக்கம். சட்டமும் சாலையும் ஒரே உறைக்குள் வந்தன.

1999 டெபாசிட்டை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் அமெரிக்காவில் உழைக்கும் மெக்சிகோக்காரர்கள். இந்தப் பயணத்தின் உண்மையான பெரும்பான்மை அவர்கள்தான். டிசம்பர் வந்தால் சிகாகோவிலிருந்தும் டாலஸிலிருந்தும் குழந்தைகளையும் பரிசுகளையும் பழைய குளிர்சாதனப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு குவானஹுவாத்தோ, சகத்தேகாஸ் கிராமங்களுக்கு ஓட்டிப் போகும் குடும்பங்கள் அவை. அவர்கள் சந்தித்த தொல்லை மாடோ வெள்ளமோ அல்ல. சுங்கத்திலும் சாலையிலும் நின்ற சீருடைக்காரர்கள் பணம் பறித்தார்கள். புகார்கள் குவிந்ததால்தான் 1989இல் மெக்சிகோ அரசு ‘பைசானோ’ திட்டத்தைத் தொடங்கியது. எவ்வளவு பொருள் வரியில்லாமல் கொண்டு வரலாம், யாரிடம் முறையிடலாம் என்பதைக் கையேடாக அச்சிட்டு எல்லையில் கொடுத்தார்கள். வெளிநாட்டவர் பயத்தால் முன்னேற்பாடு பிறந்தது என்ற கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பை நான் காணவில்லை. சொந்த ஊருக்குப் போகிறவர்கள்தான் எல்லோரையும்விடக் கவனமாகத் திட்டமிட்டார்கள்.

இவ்வளவு சொல்லியும் ஒரு மறுப்பு மீதமிருக்கிறது, அது கனமானது. 2006க்குப் பின் கடத்தல் கும்பல்களோடு நடந்த போரில் வடக்கு மெக்சிகோவின் சாலைகள் கொலைக்களமாயின. 2010 ஆகஸ்டில் தமாவ்லிபாஸின் சான் ஃபெர்னாண்டோவில் 72 குடிபெயர்வோர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். இதற்குப் பிறகும் பயத்தை இரண்டாம் காரணமாக வைப்பது சரியா? அந்த உயிர்களுக்கு முன் எந்த வாதமும் சிறுத்துப் போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பயணிகள் அதற்குப் பிறகு செய்ததைப் பாருங்கள். 1936இன் பெருமைக்குரிய பழைய தடத்தைப் பலர் கைவிட்டார்கள். நுவேவோ லியோன் மாநிலத்துக்கு எல்லையில் இருக்கும் சிறு துண்டில், 1991இல் திறந்த கொலம்பியா பாலத்தைத் தேர்ந்தெடுத்து, தமாவ்லிபாஸைத் தொடாமல் மான்டெர்ரே போனார்கள். டிசம்பரில் நூற்றுக்கணக்கான வாகனங்களில் ஊர் திரும்புவோர் லாரேடோவில் கூடி, காவல் வண்டிகள் துணையோடு கெரேத்தரோ மாநிலத்தின் ஹல்பான் போன்ற ஊர்களுக்கு அணிவகுத்துப் போனார்கள். விடியலில் கிளம்பி இருட்டுமுன் சேர்வது அவர்கள் விதி. அரசு காக்கத் தவறிய துண்டு எது, காக்கும் நேரம் எது என்று கணக்கிட்ட முடிவுகள் இவை. பயம் பட்டியலை எழுதியிருந்தால் அது நாடு முழுவதற்கும் ஒன்றாக இருந்திருக்கும். இருப்பதோ சாலைக்குச் சாலை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் பட்டியல்.

எல்லையின் வடபுறமும் தன் பங்குக்குச் சேர்த்தது. 2009 ஜூன் 1 வரை அமெரிக்கக் குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமலேயே தரைவழியாகத் திரும்பி வர முடிந்தது. அன்று முதல் பாஸ்போர்ட்டோ அதற்கு இணையான அட்டையோ இல்லாமல் முடியாது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை, செல்லுபடியாகும் அமெரிக்க விசாவை மெக்சிகோ ஏற்கிறது. அவர்களுடைய கணக்கில் முதல் வரி காரைப் பற்றியதாக இருக்காது, திரும்பி நுழையும் தாளைப் பற்றியதாக இருக்கும். இப்படி ஆளுக்கு ஆள் முதல் வரி மாறினாலும், காருக்கான வரிகள் எல்லோருக்கும் பொது. பாஹாவின் நெடுக ஓட்டி லா பாஸ் சேர்ந்தவர், அங்கிருந்து மசத்லானுக்குக் கப்பல் ஏற பிச்சிலிங்கே துறைமுகத்துக்கு வந்தால், 1,500 கிலோமீட்டருக்கு யாரும் கேட்காத இறக்குமதி அனுமதியை அங்கேதான் முதன்முதலாகக் கேட்பார்கள். அமெரிக்க எல்லை அவருக்குப் பின்னால் நெடுந்தொலைவில் இருக்கிறது. அவர் இப்போது கடக்கப் போவது 1939இல் கார்தெனாஸ் போட்ட கோட்டை. அங்கே பான்ஹெர்சிட்டோவின் அலுவலகமும் டெபாசிட் தொகையும் காத்திருக்கின்றன. இதைத் திஹுவானாவில் கிளம்பும்போதே தெரிந்து, வண்டியின் பதிவுச் சான்றிதழை மூலப்பிரதியாகக் கொண்டு வந்தவர்தான் அந்தக் கப்பலில் ஏறுவார்.